ஷாயர் பாயின் அலமாரிகள்

துபாயில் வாழ்ந்த கவிஞர்களிலேயே பெரியவர் யார் என்று என்னைக் கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் ஷாயர் பாய் என்பேன். அவர் சொன்ன ஒரு வரிகூட எனக்குப் புரிந்ததில்லை என்பது வேறு விஷயம். புரிந்தவர்கள் யாராவது சொல்லட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். புரியக்கூடிய ஒரு ஜீவனுக்கும் அவர் தன் கவிதையைச் சொன்னது கிடையாது.

கராமாவில் ஒரு பழைய கட்டடம். கீழே கேரளத்துக்காரர் கஃபடேரியா, மேலே பேச்சிலர் ரூம்கள். எங்கள் ரூமில் ஐந்து பேர். பரமக்குடி சுப்பையா, பரோட்டா மாஸ்டர். கள்ளக்குறிச்சி முருகேசன், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டிரைவர். யாழ்ப்பாணத்துக் குகன், கிளியரிங் ஆபீஸில் கஸ்டம்ஸ் டாக்குமென்ட் பார்ப்பவன். மன்னார்குடியிலிருந்து கணக்கெழுத வந்த நான். ஐந்தாவதாக, ஜன்னலோரக் கட்டிலில், ஷாயர் பாய். ஷாயர் என்றால் உருதுவில் கவிஞர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று விசாவில் இருந்தது. அதை விசா அடிப்பவர்களைத் தவிர யாரும் படித்ததில்லை.

ஆள் வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அப்பா அவரைத் தோல் ஷாப்பில் போடப் பார்க்க, இவர் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறேன் என்று பம்பாய்க்கு ஓடிப்போயிருக்கிறார். அவர் கணக்குப்படி மூன்று படங்களுக்கு எழுதினார். முதல் படம் பாதியில் நின்றது. இரண்டாவது படம் வந்தது, ஆனால் கதாநாயகிக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டதால் பாட்டு வரவில்லை. மூன்றாவது படமும் வந்தது, பாட்டும் வந்தது, பாட்டு ஊரெல்லாம் ஓடவும் செய்தது. டைட்டிலில் மட்டும் வேறு ஒருவர் பெயர்.

“எப்படி பாய்?” என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

“ப்ரொட்யூசர் ஆபீஸ்ல டீ குடிங்கன்னாங்க. பாட்டு எழுதின தாளை டேபிள் மேல வச்சேன். டீ வந்துச்சு. தாள் போயிடுச்சு. டீயும் நல்லா இல்ல, மியான்.”

அன்றைக்குத் தாளைத் தலைமுழுகியவர்தான். துபாயில் ஒரு கார்கோ கடையில் பெட்டி கட்டும் வேலை. ஊருக்கு அனுப்பும் போர்வை, பால்மாவு, சோப்பு, தலைவலித் தைலம் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டி அட்ரஸ் எழுத வேண்டும். அவர் கட்டிய பெட்டி ஊரில் பிரிக்கப்படும்போது ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடைந்திருக்காது. இது எப்படி என்று கடை முதலாளியே வியப்பார். பாய் எங்களிடம் ரகசியத்தைச் சொன்னார்.

“சினிமாப் பாட்டும் இதும் ஒண்ணுதான். அவன் தன்னன்னான்னு ஒரு ட்யூன் குடுப்பான். அதான் பொட்டி. சாமான் எப்பவும் பெரிசா இருக்கும், பொட்டி சின்னதா இருக்கும். உடையாம அடைக்கணும். பம்பாய்ல கத்துக்கிட்டேன்.”

தாளில் எழுதுவதில்லை என்றாலும் அட்டைப்பெட்டி மேல் எழுதத்தானே வேண்டும்? கையில் மார்க்கர் கிடைத்ததும் உள்ளே இருந்த கவிஞர் எட்டிப் பார்த்துவிடுவார். முருகேசன் தன் மனைவிக்கு ஒரு பெட்டி அனுப்பினான். பெயருக்கு மேலே பாய் தன் சொந்தப் பொறுப்பில் ‘என் இருண்ட வீட்டின் விளக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். பெட்டி கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தெரு முழுக்க விளக்காக ஊர்வலம் போயிருக்கிறது. சாயங்காலமே போன் வந்தது. முருகேசன் ஸ்பீக்கரில் போட்டான், பெருமையாக இருக்கும் என்று நினைத்து.

“உனுக்கு இப்பிடில்லாம் எழுத வராதே. யார்யா அது எழுதினது? கூட யாராவது பொம்பள வேல செய்யுதா?”

முருகேசன் அந்த விளக்கை அணைக்கப் பட்ட பாடு பெரும்பாடு. அதற்கப்புறம் பாய் பெட்டி கட்டும்போது பக்கத்திலேயே நின்று காவல் காப்பான்.

அந்த மூன்றாவது படத்துப் பாட்டு எது என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. கீழே கஃபடேரியாவில் நாளெல்லாம் ஹிந்திப் பாட்டு ஓடும். சுப்பையா விடமாட்டான்.

“பாய், இது உங்க பாட்டா?”

“அரே, இவ்வளவு மட்டமாவா நான் எழுதுவேன்?”

அடுத்த பாட்டு வரும். “இது?”

“இவ்வளவு நல்லா எனக்கு வராதுப்பா.”

மட்டத்துக்கும் நல்லதுக்கும் நடுவில் ஏதோ ஒரு பாட்டு. நாங்களும் பல வருஷம் காது கொடுத்துப் பார்த்தோம், பிடிபடவில்லை.

இப்போது அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். சினிமா கைவிட்டாலும் பாய் கஜல் கட்டுவதை விடவில்லை. நாள் முழுக்கப் பெட்டி கட்டிக்கொண்டே மனசுக்குள் கஜல் கட்டுவார். கஜல் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் அவர் தந்த விளக்கத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“நம்ம ரூமையே பாரு. அஞ்சு பேர். ஒருத்தனுக்கும் ஒருத்தனுக்கும் சம்பந்தம் இல்ல. அவன் பரோட்டா, இவன் வண்டி, அவன் டாக்குமென்ட். கஜல்லயும் ஒவ்வொரு ஈரடியும் தனி ஆள். ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு கேக்காது. ஆனா கடைசில எல்லாம் ஒரே சத்தத்துல முடியணும்.”

“நம்ம ரூம்ல அது எங்க இருக்கு பாய்?” என்றேன்.

“தூங்கினதும் அஞ்சு பேரும் ஒரே மாதிரி குறட்டை விடறமே, அதான்.”

தாளில் எழுத மாட்டார். சரி, மனசிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. “என்கிட்ட இருந்தா நான் மாத்திக்கிட்டே இருப்பேன். ஒரு வார்த்தையை எடுப்பேன், வைப்பேன், கடைசில ஒண்ணுமே மிஞ்சாது” என்பார். உருது தெரிந்த நண்பர்களிடம் சொல்லி வைக்கலாமா? கூடவே கூடாது. “புரிஞ்சவன் ரெண்டு காரியம் பண்ணுவான். நல்லா இருந்தா திருடுவான். நல்லா இல்லேன்னா திருத்துவான்.” ஆகவே மிச்சம் இருந்த ஒரே பத்திரமான இடம், உருது சுத்தமாகத் தெரியாத நாங்கள் நான்கு பேர்தான். ரூமில் அவருக்கென்று ஓர் அலமாரி கிடையாது. எங்களையே அலமாரி ஆக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் வாணியம்பாடி பிரியாணி போடுவார். கூடவே எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய். வாசம் மாடிப்படி இறங்கி கஃபடேரியாவரை போகும். தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், முதலில் பாடம். அவர் ஓர் ஈரடியைச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்குக் கறி. தப்பாகச் சொன்னவனுக்கு வெறும் சோறு. உருது எங்கள் வாய்க்குள் பிரியாணி வழியாகத்தான் போயிற்று.

“தொண்டையிலிருந்து வரணும்டா! அது ‘க’ இல்ல, காறித் துப்பப் போற மாதிரி!”

“பாய், சாப்பாட்டு முன்னாடி எப்படிக் காறுறது?” என்பான் சுப்பையா.

மற்ற ஈரடிகளை எங்களுக்குள் பிரித்துக் கொடுத்து, நடுவில் வருபவற்றில் பாதியைச் சுப்பையாவிடம் வைத்தவர், எல்லா கஜல்களின் கடைசி ஈரடியையும் குகனிடம் ஒப்படைத்தார். அந்தக் கடைசி ஈரடியில் கவிஞர் தன் புனைபெயரை உள்ளே வைத்துத் தைத்துவிடுவாராம். அதை யாராலும் பிரித்தெடுத்து வேறு பெயர் போட முடியாது. சினிமாப் பாட்டில் அந்த வசதி இல்லாமல்தான் தனக்கு அந்தக் கதி வந்தது என்பது பாயின் கட்சி. மற்றவர்கள் பாஸ்போர்ட் எங்கே என்று கட்டிலுக்கடியில் தேடும்போது, பாஸ்போர்ட் காப்பியின் காப்பிக்கும் காப்பி வைத்திருப்பவன் குகன். அதனால் பெயர் அவன் பொறுப்பில்.

ஒப்படைப்பு முடிந்ததும் ஒரு சத்தியம். அவர் ‘இர்ஷாத்’ என்று சொன்னால் மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது. ‘இர்ஷாத்’ என்றால் ‘தயவுசெய்து சொல்லியருளுங்கள்’ என்று அர்த்தமாம். பெரிய பெரிய கவிஞர்களைப் பார்த்துச் சபையில் சொல்கிற வார்த்தை. அதைப் பரோட்டா மாவு ஒட்டிய கையோடு நிற்கும் சுப்பையாவைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்து, அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். சுப்பையாவும் விறைப்பாக நின்று ஒப்பிப்பான். அவனை அதற்கு முன்பு யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

சத்தியம் என்னமோ சத்தியம்தான். ஆனால் முருகேசன் ஒருமுறை மீறிவிட்டான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு, லாகூர்க்கார ஃபோர்மன் முன்னால் நாள் கணக்கில் நின்றான். “மாஃபி லீவ், லீவு கிடையாது, சைட்ல வேலை இருக்கு” என்பதே பதில். பேச உருது வரவில்லை, தெரிந்த உருது பாய் ஒப்படைத்த ஈரடிகள்தான். பதற்றத்தில் அதில் ஒன்றைச் சொல்லிவிட்டான். ஃபோர்மன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீவில் கையெழுத்துப் போட்டார். முருகேசன் இது லீவு மந்திரம் என்று முடிவே கட்டிவிட்டான். அடுத்த வருஷம் புதிதாக வந்த ஃபோர்மனிடமும் போய் அதையே ஒப்பித்தான். அவர் மலையாளி. “எந்தா, பனியாணோ?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து அனுப்பிவிட்டார்.

விஷயம் பாய்க்குத் தெரிந்தபோது முருகேசனுக்கு நான்கு வெள்ளி வெறும் சோறு கிடைக்கும் என்றுதான் நினைத்தோம். பாய் திட்டவில்லை. “அழுதானா? நிஜமா அழுதானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு முருகேசனுக்குத் தன் பங்குக் கறியையும் எடுத்துப் போட்டார்.

ஒருமுறை பெரிய ஹோட்டல் ஒன்றில் முஷாயிரா. கவிஞர்கள் மேடையேறிக் கவிதை சொல்லும் கூட்டம். கட்டில் கம்பியில் பாலிதீன் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு ஷெர்வானியை பாய் அன்றுதான் வெளியே எடுத்தார். மெட்ரோவில் கசங்காமல் போக வேண்டுமே என்று நின்றுகொண்டே போனார். திரும்பி வந்ததும் நாங்கள் சூழ்ந்துகொண்டோம்.

“மேடையில ஏத்தினாங்களா பாய்?”

“கடைசி வரிசைல நல்ல சீட்டு” என்றார். ஷெர்வானியை உறைக்குள் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்தார். “ஒருத்தனுக்கும் ‘வாஹ்’ சொல்லத் தெரியல. உங்க நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

எங்களுக்கு அதைக் கேட்டுப் பெருமையாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அப்புறம் எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. சுப்பையா சலாலாவில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டான். முருகேசனை கம்பெனி சோஹார் துறைமுகத்துக்கு மாற்றியது. நான் குடும்பத்தைக் கூட்டி வந்து ஷார்ஜாவில் வீடு பிடித்தேன். என் பிள்ளைகள் என்னோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள். குகன் மட்டும் அதே கராமாவில், அதே ரூமில், வாடகைக்கு வந்தவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறான். ஷாயர் பாய் விசாவை கேன்சல் செய்து ஊர் போய்ச் சேர்ந்தார். “பத்திரமா வச்சிருங்க, நானே வந்து கேட்டு வாங்கிக்கறேன்” என்று ஏர்போர்ட்டில் ஒவ்வொருவர் நெற்றியிலும் தட்டிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார் என்று குகன்தான் செய்தி சொன்னான்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு நாள் ஆபீஸில் இருக்கும்போது இந்தியாவிலிருந்து ஒரு கால்.

“சார், நான் நஸ்ரின். வாணியம்பாடியிலருந்து பேசறேன். கராமா ரூம்ல எங்க அப்பாகூட இருந்தீங்களே, அவர் பொண்ணு.”

பள்ளிக்கூட டீச்சராம். தயங்கித் தயங்கித்தான் பேசியது அந்தப் பெண்.

“ஊர்ல நாலு பெரியவங்க அப்பா பேர்ல ஒரு முஷாயிரா வைக்கலாம்னு சொன்னாங்க சார். புஸ்தகமும் போடலாம்னாங்க. ஆனா, ‘அவர் கவிதைன்னு ஒண்ணாவது காட்டும்மா’ன்னு கேக்கறாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வீட்ல அவர் ஒரு வரி சொன்னதில்ல. சொந்தக்காரங்க எல்லாம், ‘பொட்டி கட்டினவனுக்குக் கவிஞர்னு பட்டமா’ன்னு சிரிக்கறாங்க. கேட்டா எனக்கும் பதில் தெரியல.”

நான் பேச வாயெடுப்பதற்குள் மீதியையும் சொல்லிவிட்டது.

“அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில சொன்னாரு, எல்லாம் கராமாவில அலமாரியில பத்திரமா இருக்குன்னு. அந்த அலமாரி இன்னும் இருக்கா சார்? சாவி யார்கிட்ட இருக்கு?”

“அம்மா, நீங்க பேசிட்டிருக்கறதே அதுல ஒரு அலமாரிகிட்டதான்” என்றேன்.

விளக்கிச் சொன்னேன். சத்தியம் ஒரு பக்கம் உறுத்தினாலும், பெற்ற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் பங்கில் இருந்ததில் ஒன்றை அப்படியே ஒப்பித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்து பிசகவில்லை, அது பிரியாணியின் மகிமை.

“சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தானேம்மா இருக்கேன்?”

“நடுவுல ரெண்டு தடவை இருமினீங்களே.”

“அது கவிதையில வர்றதும்மா” என்றேன்.

“அப்புறம், டீ ஆறிப்போச்சுன்னு ஒரு எடத்துல வருதே சார்?”

டீ சமாசாரம் எனக்கும் அந்தக் காலத்திலேயே இடித்ததுதான். கவிஞர்கள் எதைத்தான் பாடவில்லை, டீயைப் பாடக் கூடாதா என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் புரிந்தது. பாஷை தெரியாத எங்களுக்கு எது கவிதை, எது இருமல் என்று எப்படித் தெரியும்? பாய் வாயிலிருந்து வந்தது அத்தனையையும், வந்த வரிசையில், அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நாங்களும் மூச்சு வாங்கினோம். அவர் தொண்டையைச் செருமியதையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்திருக்கிறோம். அவரும் கறியைப் பரிமாறும் அவசரத்தில் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா, தெரியாது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால் அந்தப் பெண் முந்திக்கொண்டது. “அதே இருமல் சார். கேட்டைத் திறக்கும்போது அப்படித்தான் ரெண்டு தடவை இருமுவாரு” என்றது. குரல் உடைந்திருந்தது. பிறகு டீச்சர் குரலில் எனக்கு அர்த்தம் சொன்னது. ‘பிறர் வீட்டுக்குப் போகும் பெட்டிகளைக் கட்டிக் கட்டியே, என் வீட்டுக்குப் போகும் வழி என் கைகளுக்கு மறந்துபோயிற்று.’ இதைத்தான் நான் கத்தரிக்காய் மேல் கண் வைத்துக்கொண்டு இத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

மிச்சத்தைச் சேர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். குகன் உடனே சம்மதித்தான். “அண்ணை, உரிமைக்காரர் இல்லாட்டி வாரிசிட்டைத்தானே குடுக்கிறது? கிளியரிங்கிலையும் அதுதான் முறை” என்றான். சுப்பையாதான் மலைபோல் நின்றான்.

“பாய் வந்து கேக்கட்டும்ணே, குடுக்கிறேன்.”

“பாய் செத்துப்போயிட்டார்யா.”

“தெரியும்ணே. உசுரோட இருந்தா நான் தப்புப் பண்ணுனாக்கூட ரெண்டு திட்டுத் திட்டுவாரு. இப்ப நான் ஏமாத்துனா கேக்க ஆள் இல்ல பாருங்க. அதனாலதான் முடியாதுங்கிறேன்.”

நியாயமாகத்தான் பேசினான், அதுதான் எரிச்சலாக இருந்தது. அவன் இல்லாமல் பாதி கஜல்கள் நடு ஆள் இல்லாமல் நின்றன. முருகேசனும் “மாஸ்டர் சொல்லட்டும், அப்புறம் நானும் சொல்றேன். ஒரு தடவ மீறினதே போதும்” என்று கழன்றுகொண்டான்.

கடைசியில் குகன் ஏதோ ஒரு ஆப்பில் எல்லோரையும் ஒரே அழைப்பில் கூட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். சலாலாவில் சாரல் சீசன், சுப்பையாவுக்குப் பின்னால் மழைச்சத்தமும் தோசைக்கல் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. சோஹாரில் முருகேசன் லாரியை ஓரங்கட்டியிருந்தான். நஸ்ரின் எல்லோரையும் விசாரித்தது. சுப்பையா மரியாதையாகப் பேசினான், ஆனால் இறங்கி வரவில்லை.

“தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. உங்கப்பா கேக்கிற மாதிரி கேட்டாத்தான் எனக்கு வாயே வரும்.”

“எப்படிண்ணே கேப்பாரு?”

நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று நாங்கள் விளக்கவா வேண்டும்? பிறகு, எங்கள் யாருக்கும் வராத சுத்தமான உருதுவில், மெதுவாகச் சொன்னது.

“இர்ஷாத், சுப்பையா அண்ணே.”

அவ்வளவுதான். தோசைக்கல் சத்தம் நின்றது. சுப்பையா விறைத்து நின்றிருப்பான் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. இருமலும் செருமலும், நடுவில் யாரையோ ‘உட்காருடா கழுதை’ என்று உருதுவில் திட்டுவதுமாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிக்க ஆரம்பித்தான். அந்தக் கழுதை நான்தான் என்று நஸ்ரின் மொழிபெயர்த்த பிறகு தெரிந்தது. குகன் தன் பங்குக்குக் கடைசி ஈரடிகளை வரிசைப்படி இறக்கினான். ஒவ்வொன்றிலும் தைத்து வைத்த பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை முதன்முறை கேட்டபோது அந்தப் பெண், “இருக்கு, பேரு இருக்கு” என்று யாரிடமோ கத்தியது. பக்கத்தில் அந்தப் பெரியவர்களும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

கடைசியாக முருகேசன். ஃபோர்மனை அழவைத்த அந்த ஈரடியைச் சொன்னான். சொல்லி முடித்ததும் லைன் கட்டாகிவிட்டதோ என்று குகன் “ஹலோ, ஹலோ” என்றான்.

“இருக்கேன்” என்றது நஸ்ரின். “அதுக்கு அர்த்தம் சொல்லட்டுமா? பல வருஷம் கழிச்சு என் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு குழந்தை கேட்டது, யாருங்க நீங்க, யாரைப் பாக்கணும்?”

முருகேசன் தொண்டையைச் செருமினான், அது கவிதையில் வராத செருமல்.

“அந்தக் குழந்தை நான்தான்ணே. அம்மா அடிச்சாங்க. அவரு அடிக்காதன்னு சொல்லிட்டு, மிட்டாய் பாக்கெட்டப் பிரிச்சுக் குடுத்தாரு. லீவு முடியறவரைக்கும் அவரை நான் அப்பான்னு கூப்பிடல, ‘நீங்க’ன்னுதான் கூப்பிட்டேன்.” பிறகு நஸ்ரின் கேட்டது. “அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பா அங்க சிரிப்பாரா? வீட்ல நான் பாத்ததே இல்ல.”

நான் இவ்வளவு நேரம் என்னவெல்லாமோ சொன்னேன், பாயின் சிரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைப்பதுபோல் நான்கைந்து தடவை கிளம்பப் பார்க்கும். கிளம்பிவிட்டால் நிற்காது. மேல் மாடிக்காரர்கள் தரையைத் தட்டுவார்கள், அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்.

“சிரிப்பாரான்னா கேக்குறீங்க?” என்றான் சுப்பையா. உடனே அங்கே சலாலா மழையில் ஸ்கூட்டரை உதைத்தான். “அது அப்பிடி இல்ல மாஸ்டர், இப்பிடி” என்று முருகேசன் சோஹாரிலிருந்து உதைத்தான். “ரெண்டு பேரும் பிழை” என்று குகன் கராமாவிலிருந்து தொடங்கினான். பிள்ளைகள் எட்டிப் பார்க்க, ஷார்ஜாவில் ஒரு சோபாவில் உட்கார்ந்து நானும் தோளைக் குலுக்கினேன். நான்கு ஊர்களிலிருந்து நான்கு ஷாயர் பாய்கள் அந்தப் பெண்ணின் காதில் விடாமல் சிரித்தார்கள். ஒரு கட்டத்தில் அதுவும் சிரிக்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் தொடங்கி, நான்கைந்து தடவை தடுக்கி, பிறகு கிளம்பியது. நாங்கள் நான்கு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டோம். எங்களுடையதெல்லாம் காப்பி, இதுதான் அசல்.

அது சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சுப்பையாதான் பேசினான், மழைச்சத்தத்தில் பாதிதான் கேட்டது.

“பாயை ரொம்பத் தேடுதுண்ணே.”

எனக்கும்தான் சுப்பையா, எனக்கும்தான்.